மூன்று வாரக் குற்றம்

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இன்று நான் எடுத்துக்கொண்ட நாவல் ‘கோல்ட் சாஸி ட்ரீ’. எழுதியவர் ஒலிவ் ஆன் பர்ன்ஸ். வெளிவந்தது 1984-இல். கதை நடப்பது அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், கோல்ட் சாஸி என்ற கற்பனைச் சிற்றூரில். காலம் 1906. கதையைச் சொல்பவன் வில் ட்வீடி. அப்போது அவனுக்கு வயது பதினான்கு.

அந்த ஊரில் ஒரு குற்றம் நடக்கிறது. என்ன குற்றம்? களவா? இல்லை. கொலையா? இல்லை. அடுத்தவன் மனைவியைக் கவர்ந்துகொண்டு ஓடினானா ஒருவன்? அதுவும் இல்லை. மனைவியை இழந்த ஓர் ஆண், மணமாகாத ஒரு பெண். இருவரும் மனமொத்து, சட்டப்படி, பகல் வெளிச்சத்தில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு குற்றம் எங்கே இருக்கிறது? நாள்காட்டியில் இருக்கிறது. அந்த ஆணின் மனைவி இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மூன்று வாரம்! ஊர் முழுவதும் இந்த இரண்டு சொற்களைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறது. ஒரு வருடம் பொறுத்து இதே மணமகன் இதே மணமகளைக் கட்டியிருந்தால் அதே ஊர்ப் பெண்கள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வாழ்த்த வந்திருப்பார்கள். ஆறு மாதம் பொறுத்திருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள். மூன்று வாரம் என்பது மன்னிக்க முடியாத கணக்கு.

இனி ஆட்களைப் பார்ப்போம். மணமகனின் பெயர் ரக்கர் பிளேக்ஸ்லீ. வில்லின் அம்மாவைப் பெற்ற தாத்தா. வயது ஐம்பத்தொன்பது. ஒரு கையை இழந்தவர். ஊரில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கையில் காசு இருக்கிறது, ஆனால் அதை இலேசில் வெளியே விடமாட்டார். ஊருக்கு மின்சாரமும் தொலைபேசியும் வந்த பிறகும் தன் வீட்டுக்குள் அவற்றை அண்டவிடாதவர். மணமகள் மிஸ் லவ் சிம்ப்சன். ரக்கரின் கடையில் பெண்களுக்கான தொப்பிகள் தைத்து அலங்கரிக்கும் பெண். தாத்தாவின் மகள் வயதுக்காரி. அழகி. பால்டிமோரிலிருந்து வந்தவள்.

பால்டிமோரிலிருந்து வந்தால் என்ன என்று நாம் கேட்கலாம். கோல்ட் சாஸிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து நாற்பத்தோரு வருடம் ஓடியிருந்தாலும், தெற்கில் அந்தப் போர் இன்னும் சாப்பாட்டு மேசையில் நடந்துகொண்டுதான் இருந்தது. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலம் தெற்கத்தியரோடு சேர்ந்து பிரிந்து போகவில்லை. ஆகவே அங்கிருந்து வந்தவள் அரை யாங்கி, அதாவது பாதி வடக்கத்திக்காரி, ஏன், முழு யாங்கியேதான். போதாக்குறைக்குப் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று வேறு பேசுகிறாள். பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் 1919-இல் மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தபோது, வேண்டாம் என்று முதலில் கைதூக்கிய மாநிலம் இதே ஜார்ஜியாதான். அப்படிப்பட்ட மண்ணில், 1906-இல், ஒரு தொப்பிக் கடைக்காரி ஓட்டுரிமை பேசினால் அவளைப் பற்றி ஊர் என்ன நினைத்திருக்கும்?

ஜூலை 5-ஆம் தேதி காலை. தாத்தா தினமும் வரும் வேளையில் மகள் வீட்டுக்கு வருகிறார். மகளைப் பார்க்க வருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய விஸ்கி அங்கேதான் இருக்கிறது. பாட்டி தன் வீட்டில் அதை வைக்க விட்டதில்லை. அன்று அவர் பேரனை அனுப்பி இரண்டு மகள்களையும் ஒன்றாகக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார். மூத்தவள் மேரி வில்லிஸ், வில்லின் அம்மா. இளையவள் லோமா, இருபது வயது, கைக்குழந்தைக்காரி. இருவருக்கும் தாத்தா செய்தியைச் சொல்கிறார். காரணமும் சொல்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிடக் கட்டிக்கொள்வது மலிவு. இறந்துபோனவளுக்கு மூன்று வாரமும் முப்பது வருடமும் ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

அவர் போன பிறகு அந்தக் கூடத்தில் எழும் அழுகையை நினைத்துப் பாருங்கள். பர்ன்ஸ் அதை எழுதியிருக்கும் விதத்தில் நமக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. மகள்கள் அம்மாவுக்காக அழுகிறார்களா, ஊர் என்ன சொல்லுமோ என்று அழுகிறார்களா, வீடும் சாமானும் கைவிட்டுப் போகுமே என்று அழுகிறார்களா? மூன்றும் ஒரே கண்ணீரில் கலந்திருக்கின்றன. எழுத்தாளர் அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. பதினான்கு வயதுப் பையனால் பிரிக்க முடியாது. நம்மாலும் முடியாது.

அன்றைக்கே இன்னொன்றும் நடக்கிறது. துக்க வீடு என்பதால் வில்லுக்கு மூன்று வாரமாக விளையாட்டு கிடையாது, மீன்பிடிக்கப் போகக் கூடாது. வீட்டில் எல்லோரும் தாத்தாவைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பையன் தூண்டிலை எடுத்துக்கொண்டு நழுவிவிடுகிறான். ஓடைக்கு மேலே உயரமான ரயில் பாலம். பாதிப் பாலத்தில் ரயில் வந்துவிடுகிறது. ஓட நேரமில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொள்கிறான். ரயில் அவன் மேலாகவே கடந்துபோகிறது. உயிர் தப்புகிறான்.

செய்தி பரவி, மாலையில் ஊரே ட்வீடி வீட்டுக்குத் திரண்டு வருகிறது. ரயிலுக்கு அடியில் கிடந்து பிழைத்த பையனைப் பார்க்க வந்ததாகப் பெயர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே புதுமணத் தம்பதி வந்து நிற்கிறார்கள்! ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடத் தோதான கூடம் எங்கே கிடைக்கும்? பிழைத்த பேரனும், கல்யாணம் முடித்த தாத்தாவும், துக்க உடையில் மகள்களும் ஒரே கூரையின் கீழ். வந்தவர்கள் பையனை விசாரித்துக்கொண்டே கண்ணை மிஸ் லவ் மேல் வைத்திருக்கிறார்கள்.

அன்று வில் தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்கிறான். நான் சாகாமல் இருந்தது கடவுளின் சித்தமா? சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். தாத்தாவின் பதில் வேறு. படுத்துக்கொள்ளும் புத்தியைக் கடவுள் உனக்குக் கொடுத்தார், அந்தப் புத்தியை நீ பயன்படுத்தினாய் என்ற விதமாகப் பேசுகிறார். தேவாலயத்தில் ஊரார் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். மிஸ் லவ் பியானோ வாசிக்கிறாள், தாத்தா பிரசங்கம் செய்கிறார், பேரன் கேட்கிறான். நாத்திகர் இல்லை அவர். ஊர்க் கோவில் கதவு அடைபட்டால் கடவுளின் கதவும் அடைபட்டுவிட்டதாக நம்பாதவர்.

இப்போது நான் சொல்லவந்ததுக்கு வருகிறேன்.

பிள்ளை வளர்ந்து ஆளாகும் நாவல்கள் உலகில் நிறைய உண்டு. அமெரிக்கத் தெற்கில் மட்டுமே எத்தனை! கார்சன் மெக்கல்லர்ஸ் எழுதியிருக்கிறார். ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நம்மில் பலரும் படித்திருக்கும் நாவல். அதில் குழந்தைகள் நீதிமன்றத்தின் மாடத்திலிருந்து அநியாயத்தைப் பார்த்து வளர்கிறார்கள். அநியாயம் வெளியே இருக்கிறது, அப்பா நல்லவராக உள்ளே இருக்கிறார். வில் ட்வீடிக்கு அந்த வசதி கிடையாது. ஊர் பேசுவது அவன் வீட்டைப் பற்றி. தூற்றப்படுவது அவன் தாத்தா. தூற்றுபவர்களில் முதல் வரிசையில் இருப்பது அவனுடைய அம்மா.

இவன் எப்படி வளர்கிறான்? ஒட்டுக்கேட்டு வளர்கிறான்! இந்த நாவலில் வில் செய்யும் தலையாய காரியம் அதுதான். கதவுக்குப் பின்னால் நிற்கிறான், ஜன்னலுக்கு அடியில் குந்துகிறான், தூங்குவதாக நடிக்கிறான். முதலில் கேட்டதையெல்லாம் ஊருக்குள் கொண்டுபோய்ப் போடுகிறான். போதாதபோது சொந்தமாகவும் இட்டுக்கட்டுகிறான். நண்பர்களோடு வெளியே முகாம் போட்டிருக்கும்போது லோமா சித்தியைப் பற்றி அசிங்கமான கட்டுக்கதைகளை அவிழ்த்துவிடுகிறான். சிரித்துக்கொண்டே கேட்ட பையன்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்கள். வீடுகளிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து சித்தியின் காதுக்கு. தாத்தாவைப் பற்றி ஊர் செய்வதை இவன் சித்திக்குச் செய்துவிட்டான். என்ன வித்தியாசம்? ஊருக்கு உண்மை கொஞ்சமாவது கையில் இருந்தது. இவனுக்கு அதுகூட இல்லை.

லோமாவுக்கும் வில்லுக்கும் ஆறு வயதுதான் இடைவெளி. சித்தி என்று பெயரே தவிர, இருவரும் அக்கா தம்பி போல் அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். நடிகையாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, அது நடக்காமல், பிடிப்பில்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டு, இருபது வயதிலேயே சலித்துப்போனவள் அவள். முதல் பாதி முழுவதும் நாமும் வில்லோடு சேர்ந்து அவளை வெறுக்கிறோம். என் எண்ணத்தில் நாவலின் மிக நுட்பமான பாத்திரம் மிஸ் லவ்கூட இல்லை, இந்த லோமாதான். எதற்கெடுத்தாலும் சீறுகிறவள் எதனால் சீறுகிறாள் என்று யாருமே கேட்பதில்லை. எழுத்தாளர் மட்டும் விடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சரி, பேரன் எதை ஒட்டுக்கேட்கிறான்? முதலில் ஓர் ஒப்பந்தம் தெரியவருகிறது. இந்தக் கல்யாணம் பெயரளவுக்குத்தான். மிஸ் லவ் சமைத்து, துவைத்து, வீட்டைப் பார்த்துக்கொள்வாள். பதிலுக்குத் தாத்தா வீட்டையும் சாமான்களையும் அவள் பெயருக்கு எழுதித் தருவார். அவள் ஓர் அறை, அவர் ஓர் அறை. ஊர் எதைக் கற்பனை செய்துகொண்டு கொதிக்கிறதோ அது அந்த வீட்டில் நடக்கவே இல்லை! மிஸ் லவ்வுக்குச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு வீடு வேண்டும். வாடகை அறைகளிலேயே வாழ்ந்த ஒரு தனிப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய ஆசை என்பது இங்கே இருக்கும் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு, ஒரு முத்தம். டெக்ஸாஸிலிருந்து கிளேட்டன் மெக்காலிஸ்டர் என்ற பண்ணைக்காரன் வந்து இறங்குகிறான். ஒரு காலத்தில் மிஸ் லவ்வை மணக்க நிச்சயித்து, பின்பு விட்டுவிட்டுப் போனவன். கையில் வெள்ளி வேலைப்பாடு செய்த குதிரைச் சேணம். வந்த வேகத்தில் அவளை முத்தமிடுகிறான். வில் பார்த்துவிடுகிறான். பக்கத்து வீட்டு மிஸ் எஃபி பெல்லின் கண்ணுக்கும் அது தப்புவதில்லை. இதே வில்தான் சித்தியைப் பற்றி இல்லாததைச் சொன்னவன். இப்போது கண்ணால் கண்டதைச் சொல்ல அவனுக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் மிஸ் லவ்வை அவனுக்குப் பிடித்துப்போயிருக்கிறது, தாத்தாவின் முகமும் நினைவில் இருக்கிறது. அந்த இடத்தில் பையன் ஓர் அங்குலம் வளர்ந்துவிடுகிறான்.

தாத்தாவும் மாறிக்கொண்டிருக்கிறார். மிஸ் லவ் அவர் தாடியை மழிக்கிறாள், முடியை வெட்டிவிடுகிறாள். பத்து வயது குறைந்தவராகக் கடைக்கு வருகிறார். குதிரை வண்டிக்கு மேல் எதையும் ஏறெடுத்துப் பார்க்காதவருக்கு மோட்டார் காரில் மோகம் வந்துவிடுகிறது. கடைக்குச் சரக்கு வாங்க நியூயார்க் போகும் பயணத்தை முதலில் மகள் மேரி வில்லிஸுக்கும் மருமகனுக்கும் விட்டுக்கொடுக்கிறார். மகள் மறுக்கிறாள். துக்கத்தில் இருக்கும்போது நியூயார்க்கா? ஊர் என்ன சொல்லும்? சில நாள் யோசித்து மனம் மாறுகிறாள், போகலாம் என்கிறாள். அதற்குள் தாத்தா மிஸ் லவ்வைக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவெடுத்துவிட்டார். பாவம் அந்த மகள்! துக்கக் கணக்கைச் சரியாகப் பார்த்தவளுக்குப் பயணமும் போயிற்று, கணக்கை மீறியவளுக்கு நியூயார்க்கும் கிடைத்தது. இதைப் படிக்கும்போது நான் மேரி வில்லிஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஊரின் விதியைக் கடைப்பிடிப்பவர்கள் எல்லோரும் போலிகள் என்று ஒரு மட்டமான நாவல் சொல்லியிருக்கும். பர்ன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் துக்கம் உண்மை. தன் தாய் மறக்கப்பட்டுவிட்டாள் என்ற வலி உண்மை.

உண்மையிலேயே மறக்கப்பட்டாளா? இதற்கு விடை வில்லிடம் இருக்கிறது. பாட்டி மேட்டி லூ இறந்தபோது தாத்தா என்ன செய்தார் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் அவன். தோட்டத்து ரோஜாக்களையெல்லாம் பறித்துச் சாக்குத் துணிகளில் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி, தோண்டிய குழியின் நான்கு பக்கச் சுவர்களையும் மண்ணே தெரியாதபடி மூடினார் அந்த ஒற்றைக் கைக்காரர். கூட இருந்து உதவியவன் பேரன். அந்த ரோஜாக்கள் உண்மை. மூன்று வாரத்தில் நடந்த கல்யாணமும் உண்மை. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பொய் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்! ஊர் கல்யாணத்தை வைத்துக்கொண்டது. வில்லால் எதையும் விட முடியவில்லை.

நண்பர்களே, இந்த நாவலில் இன்னொரு முத்தமும் இருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பில் லைட்ஃபுட் மெக்லெண்டன் என்றொரு பெண். படிப்பில் கெட்டிக்காரி. வில்லுக்கு அவள்மேல் ஆசை. கல்லறைத் தோட்டத்தில் அவளை முத்தமிடும்போது ஊர்க்காரப் பெண்மணி ஒருத்தி பார்த்துவிடுகிறாள். வீட்டில் பூகம்பம். துக்கக் காலத்தில் முத்தமிட்டது ஒரு குற்றம். கல்லறையில் முத்தமிட்டது இன்னொரு குற்றம். எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம், அவள் ஆலைக்காரப் பெண் என்பது.

அந்த ஆலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலும் காட்டிலும் விவசாயம் செய்து நொடித்துப்போன வெள்ளையர் குடும்பங்கள் பஞ்சாலை ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. பெற்றோரோடு பிள்ளைகளும் ஆலைக்குள் போனார்கள். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் முதல் சட்டத்தை ஜார்ஜியா இயற்றியதே இந்தக் கதை நடக்கும் 1906-இல்தான். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்க நடந்துவரும் அந்தப் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகள் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். நாவலில் ஹோஸி ரோச் என்று ஒருவன் வருகிறான். ஆலைக்காரப் பையன், இருபத்தொரு வயதில் பள்ளிக்கூடத்தில் வில்லோடு படித்துக்கொண்டிருப்பவன். வில்லுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. லைட்ஃபுட்டின் அப்பா இறக்கிறார், அவள் படிப்பு நிற்கிறது, ஆலைக்குப் போகிறாள். கடைசியில் அவள் மணப்பது யாரை? ஹோஸி ரோச்சை. ரக்கர் தாத்தா அவனுக்குக் கடையில் வேலை வேறு கொடுத்துவிடுகிறார்! தாத்தாவின் கலகத்தைக் கைதட்டி ரசித்த பேரனுக்கு, அதே தாத்தாவின் நியாயம் தன் காலில் குத்தும்போது எப்படி இருந்திருக்கும்?

இனி ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாராட்டு மட்டுமே பேசுவதற்கு நான் இந்தப் புத்தகத்தின் விற்பனையாளன் இல்லை.

1906 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, கோல்ட் சாஸிக்கு முன்மாதிரியாக இருந்த ஊரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்கள்மேல் பாய்ந்தது. செய்தித்தாள்கள் நாள்கணக்கில் வெறியைக் கிளப்பிவிட்டிருந்தன. அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கான போட்டியில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறிப்பதே பேச்சாக இருந்தது. குறைந்தது 25 கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாநிலம், அதே ஆண்டு, கதை நடக்கும் அதே மாதங்கள். நம் நாவலின் ஊரோ ஒரு கிழவரின் மறுமணத்தைப் பேசித் தீரவில்லை.

எழுத்தாளருக்கு அது தெரியாமல் இல்லை. ட்வீடி வீட்டில் குவீனி என்று ஒரு கறுப்பினச் சமையற்காரி இருக்கிறார். வீட்டுக்கே சமைத்துப்போடும் அவர் சாப்பிடும் தட்டும் குடிக்கும் பாத்திரமும் தனி. ஏன் தனி என்று வில்லுக்குக் கேள்வி எழுகிறது. இரட்டைக் குவளையை அறிந்த அவை இது, நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழுந்த வேகத்தில் அடங்கிவிடுகிறது. மூன்று வாரக் கல்யாணத்தை வளைத்து வளைத்து விசாரிக்கும் நாவல், அந்தத் தனித் தட்டைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. சிற்றூரின் மானக்கேடு எது என்று அந்த ஊர் தீர்மானித்ததோ அதையே நாவலும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இது என் வருத்தம்.

பின்பாதியில் இன்னொரு சிக்கல். சாவுகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. லோமாவின் கணவன் கேம்ப், எல்லோருக்கும் இளக்காரமானவன், மாமனார் ஒருநாள்கூட மதிக்காதவன், நெடுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்த்து முடித்துவிட்டுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறக்கிறான். அந்தக் குழாயை நாம் மறப்பதில்லை. கடைசியாக ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த அதிர்ச்சி ஆறும் முன்பே கடையில் கொள்ளை, தாத்தாவுக்குக் காயம், அதையடுத்து நிமோனியா. ஒரு சாவை நாம் உள்வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

இந்த நெரிசலுக்கு நடுவே ஓர் இரவு மட்டும் நெருக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. தாத்தாவும் மிஸ் லவ்வும் பேசிக்கொள்வது வில்லின் காதில் விழுகிறது. காதில் விழக் கூடாத பேச்சு. தாத்தா இப்போது ஒப்பந்தத்தைத் தாண்டி வந்துவிட்டார், அவளை உண்மையாகவே விரும்புகிறார். அவள் விலகுகிறாள். ஏன் விலகுகிறாள்? சிறு வயதில் பெற்ற தகப்பனாலேயே சீரழிக்கப்பட்டவள் அவள். அதைச் சொன்ன நாளில்தான் டெக்ஸாஸ்காரன் அவளை விட்டுவிட்டுப் போனான். கிழவர் போவதில்லை. அதைக் கேட்டுவிட்டு அவளை மேலும் நேசிக்கிறார்.

பதினான்கு வயதில் ஒருவன் இதைக் கேட்டுவிட்டான். யாரிடம் சொல்வான்? ஊரில் இந்தச் செய்திக்குக் கிடைக்கக்கூடிய விலையை நினைத்துப் பாருங்கள்! மூன்று வாரத்தை மூன்று மாதம் மென்ற ஊர் இதை மூன்று தலைமுறைக்கு மென்றிருக்கும். வில் வாயைத் திறக்கவில்லை. கேட்டதைப் பரப்பிக்கொண்டும் கேளாததை இட்டுக்கட்டிக்கொண்டும் திரிந்த பையன், சொன்னால் ஒரு மனுஷி அழிந்துபோவாள் என்பதைப் புரிந்துகொண்டு அதைச் சுமந்துகொண்டு நடக்கிறான். அவன் ஆளாவது முத்தத்தில் இல்லை, ரயிலுக்கு அடியில் கிடந்ததிலும் இல்லை, இந்த வாய்மூடலில்தான் என்பது என் வாசிப்பு. எட்டு வருடம் கழித்து, 1914-இல், எழுத உட்காரும்போதுதான் அவன் எல்லாவற்றையும் சொல்கிறான்.

தாத்தா சாகும்போது ஒரு கடிதம் விட்டுப்போகிறார். சாதாரணப் பைன் மரப் பெட்டி போதும், ஆடம்பரச் சவ அடக்கம் வேண்டாம், துக்கம் கொண்டாடாதீர்கள், விருந்து வையுங்கள். மூன்று வாரக் குற்றவாளி தன் விஷயத்தில் மூன்று நாள்கூடக் கேட்கவில்லை! அடுத்தவர் சாவுக்கு ஒரு நியாயம், தன் சாவுக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளாத மனிதர். அவர் போகும்போது மிஸ் லவ் வயிற்றில் குழந்தை இருக்கிறது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? எழுத்தாளரின் சொந்த வீட்டிலிருந்து. ஒலிவ் ஆன் பர்ன்ஸ் 1924-இல் ஜார்ஜியாவின் பேங்க்ஸ் கவுண்டியில் பிறந்தவர். பக்கத்திலிருக்கும் காமர்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அந்த ஊருக்கு முன்பு ஹார்மனி குரோவ் என்று பெயர். 1904-இல் மாற்றினார்கள். நாவலின் முடிவிலும் கோல்ட் சாஸி என்ற பெயர் பழைய நாகரிகமாகத் தோன்றி, ‘புரோகிரெஸிவ் சிட்டி’ என்று மாற்றுகிறார்கள், ஊருக்குப் பெயர் கொடுத்த சாஸஃப்ராஸ் மரத்தையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். பர்ன்ஸின் கொள்ளுத்தாத்தா காமர்ஸில் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து மூன்று வாரத்தில், தம் கடையில் தொப்பி தைத்த பெண்ணை மணந்தார். சம்பளத்துக்கு ஆள் வைப்பதைவிட மலிவு என்று சொன்னவரும் அவர்தான்! அப்போது பதினான்கு வயதுப் பேரனாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுத்தாளரின் தந்தை.

பர்ன்ஸ் பத்தாண்டுகள் அட்லாண்டாவில் ஞாயிறு இதழொன்றின் எழுத்தாளராக இருந்தவர். வேறு பெயரில் வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்கு யோசனை சொல்லும் பத்தியும் எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் தாய்க்குப் புற்றுநோய் வந்தபோது, அவர் வாய்வழியே குடும்பக் கதைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் பர்ன்ஸுக்கே ரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்த லிம்ஃபோமா. நோயை நினைத்துக்கொண்டு படுத்திருக்காமல் இருக்க நாவல் எழுதலானார். எட்டு வருடத்துக்கு மேல் எழுதினார். புத்தகம் வந்தபோது அவருக்கு அறுபது வயது. 1906-இல் குடும்பத்தைத் தலைகுனிய வைத்த செய்தி, 1984-இல் அதே குடும்பத்தின் பெருமையாகப் புத்தகக் கடையில் அடுக்கப்பட்டது. மானக்கேடு கதையாக மாற எழுபத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

1989-இல் தொலைக்காட்சிப் படமாக வந்தது. தாத்தாவாக ரிச்சர்ட் விட்மார்க், மிஸ் லவ்வாக ஃபே டனவே. 2000-இல் கார்லைல் ஃபிளாய்ட் இதை ஆபராவாக்கினார். எதுவும் நாவலுக்கு ஈடாகாது. காரணம், காதால் வாழும் பையன் ஒருவனின் குரல்தான் இந்த நாவல்.

பர்ன்ஸ் இரண்டாம் பாகமும் தொடங்கினார். வில்லுக்கு அதில் இருபத்தைந்து வயது, ஸன்னா கிளைன் என்ற பள்ளி ஆசிரியையை விரும்புகிறான். எழுத்தாளரோ புற்றுநோய் திரும்பி, இதயமும் பலவீனமாகிப் படுக்கையில். எழுத முடியாதபோது வாயால் சொல்லிப் பதிவுசெய்தார். முடிக்கவில்லை. 1990 ஜூலை 4-இல் இறந்தார். எழுதியவரைக்கும் 1992-இல் ‘லீவிங் கோல்ட் சாஸி’ என்று வந்தது.

படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஐம்பது பக்கம் தடுமாற வைக்கும். ஜார்ஜியாக் கிராமத்துப் பேச்சை ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறார், அகராதியில் தேடினால் பாதிச் சொல் கிடைக்காது. வாய்விட்டுப் படியுங்கள், வழிக்கு வந்துவிடும். அவசரமாக இருப்பவர்கள் ரயில் பாலத்து அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். லோமாவைப் பற்றி என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் இப்போதே எழுந்து கேட்கலாம். தலைவர் நேரம் தந்திருக்கிறார்.